நாளை மதியம் பிஸ்ட்ரோ சாப்பாடு, கையில் பணம் குறைவு. அவசரமாக யோசனை வேண்டும்

மலைக்கோட்டை (வியாழன் இரவு)
எல்லோருக்கும் வணக்கம். பிரான்சுக்கு வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதல் சம்பளம் இன்னும் வரவில்லை, ஊரிலிருந்து கொண்டுவந்தது வீட்டு முன்பணத்துக்கே போய்விட்டது. நாளை மதியம் குழுவாக ஒரு நல்ல பிஸ்ட்ரோவில் (சின்ன பிரெஞ்சு உணவகம்) சாப்பிடலாம் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது. "கடையை நீயே பார்த்துச் சொல்" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நெட்டில் தேடினால் ஒரு தட்டே 28 யூரோ, 32 யூரோ என்று காட்டுகிறது. சின்னக் கடையாக, உட்கார்ந்து பேசும்படி இருக்க வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. எப்படித் தேடுவது? தூக்கமே வரவில்லை, உடனே பதில் போடுங்கள்.

பெல்வில்வாசி
இதற்கா தூக்கம் கெடுகிறாய் தம்பி? பூயியோன் என்று தேடு, பழைய பாணியில் மலிவாகச் சாப்பாடு போடும் கடை. பாரிசில் கிரான் பூல்வார் பக்கம் இருக்கும் பூயியோன் ஷார்த்தியே 1896 முதல் நடக்கிறது. கணக்கை மேசையில் விரித்த தாளிலேயே எழுதிக் கூட்டுவார்கள், அதைப் பார்ப்பதற்கே போகலாம். பிகாலில் 2017-இல் ஒன்று வந்தது, ரெப்பூப்ளிக்கில் 2021-இல் இன்னொன்று. அவித்த முட்டையும் மயோனைஸும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நான் வந்த புதிதில் இதெல்லாம் சொல்ல ஆள் இல்லை. முதல் குளிர்காலம் முழுவதும் பாக்கெட் நூடுல்ஸும் தள்ளுபடி ரொட்டியும்தான். அறையில் அடுப்பு கிடையாது, கெட்டிலில் முட்டை அவித்தவன் நான்.

ஐவ்ரி அக்கா
ஷார்த்தியேயில் உட்கார்ந்து பேச முடியுமா? கல்யாண மண்டபப் பந்தி மாதிரி இருக்கும், அதுவும் வரிசையில் நின்று. தம்பி கேட்டது சின்னக் கடை. என்னைக் கேட்டால் வெளியே சாப்பிடும் பழக்கமே வேண்டாம். டப்பா கட்டிக்கொண்டு போ. நான் வந்த வருஷம் அலுவலக மைக்ரோவேவில் மீன் குழம்பைச் சூடு பண்ணினேன். ஒருத்தி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள், ஜனவரி மாதத்தில்! அதற்குப் பிறகு பல மாதம் தயிர்சாதம்தான் கொண்டுபோனேன். ஆனாலும் அந்த வருஷம் சேர்த்த பணத்தில்தான் அம்மாவைக் கூட்டி வந்தேன்.

பருப்புரசம்
அக்கா, அவருக்கு நாளைக்குக் குழுவோடு போயே ஆக வேண்டும். டப்பாவை மேசையில் பிரிக்கச் சொல்கிறீர்களா? மலைக்கோட்டை, நீங்கள் சைவமா அசைவமா என்று சொல்லவே இல்லையே. நான் சைவம். ஒரு கடையில் சூடான ஆட்டுப்பால் சீஸ் சாலட் கேட்டேன், மேலே பன்றித் துண்டு தூவி வந்தது. இறைச்சி வேண்டாம் என்றேனே என்று கேட்டால், "இது இறைச்சி இல்லை, லார்தோன்" என்று பதில்! வெங்காய சூப்பையும் நம்பாதீர்கள், பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறில்தான் செய்வார்கள். இந்த நாட்டில் சைவத்துக்கு முட்டை, சீஸ், இலை தழை தவிர வேறு கதி இல்லை.

லாச்சப்பல் மாமா
அவையளை எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலுக்குக் கூட்டிக்கொண்டு வாரும். கொத்து றொட்டி, தோசை, வடை, பிறகு ஒரு பால் தேத்தண்ணி. உந்த பிஸ்ட்ரோ எல்லாம் எங்கட ஆக்கள் குசினியில் நிண்டு சமைக்கிற சாப்பாடுதானே. எண்பதுகளில் நான் வந்தபோது ஒரு சொல் பிரெஞ்சு தெரியாது. கோப்பை கழுவத் தொடங்கினன், மூன்று பேர் ஒரு அறையில், ஆள் மாறி ஆள் படுக்கிறது. இப்ப பாருங்கோ, 2023-இல் பாரிசின் சிறந்த பகெத் பாணுக்கான பரிசை வாங்கினதே எங்கட பிள்ளை ஒருவர்தான். சனாதிபதி மாளிகைக்கே பாண் குடுத்தவர்.

நதிக்கரை
பரிசு பெருமைதான் மாமா, ஆனால் கேள்வி வேறு. மலைக்கோட்டை, ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: புதிதாக வந்தவர்தான் எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும், இங்கே அதுதான் வழக்கம். ஐந்து பேர் என்றால் 150 யூரோ தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்வில்வாசி
பயமுறுத்தாதீர்கள். புதிதாக வந்தவர் ஒரு நாள் காலையில் குரோசான் வாங்கி வந்து அலுவலகத்தில் வைப்பார், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்கு அவரவர் பங்கை அவரவர்தான் கொடுப்பார்கள்.

நதிக்கரை
என் அலுவலகத்தில் என்னிடம் வாங்கித்தானே சாப்பிட்டார்கள்?

பருப்புரசம்
உங்கள் அலுவலகத்தில் ஆள் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

மலைக்கோட்டை
எல்லோருக்கும் நன்றி. ஒன்று சொல்ல விட்டுப்போனது: நான் பாரிசில் இல்லை, லியோனில் இருக்கிறேன். அலுவலகம் பார்-தியூ ரயில் நிலையம் பக்கம். என்னோடு சேர்த்து ஐந்து பேர். மீன், கோழி, முட்டை சாப்பிடுவேன். மாடும் பன்றியும் கிடையாது. யார் பணம் கொடுப்பது என்று அவர்கள் சொல்லவில்லை, கேட்கவும் கூச்சமாக இருந்தது. சேர்ந்த அன்று உறையில் போட்டு ஒரு கார்டும் கொடுத்தார்கள், சாப்பாட்டுக்கு என்றார்கள். இன்னும் பிரித்தே பார்க்கவில்லை.

ஐவ்ரி அக்கா
லியோனா! இவ்வளவு நேரம் பாரிசைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தோமே. கார்டைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டா பணம் இல்லை என்கிறாய்? அது டிக்கெட் ரெஸ்டோ, முதலாளியும் காசு போடுகிற சாப்பாட்டுக் கார்டு.

பெல்வில்வாசி
லியோன் என்றால் வாடகையாவது கொஞ்சம் குறைவு. இங்கே 18 சதுர மீட்டருக்கு நான் கொடுப்பதைச் சொன்னால் அழுவீர்கள்.

நதிக்கரை
வாடகையை விடுங்கள், வதிவிட அனுமதிக் கார்டு புதுப்பிக்க இணையத்தில் நேரம் கிடைக்கிறதா யாருக்காவது? விடியற்காலை எழுந்து பக்கத்தைத் திறந்தாலும் "இடமில்லை" என்றுதான் வருகிறது.

பருப்புரசம்
அதற்குத் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது. ஆனால் ஒரு வார்த்தை, இங்கே பரிமாறுகிறவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தால் என்ன குறைந்துவிடும்? தண்ணீர் கேட்டால்கூட கடன் கேட்டவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

குசினிக்காரன்
முகத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். நான் லியோனில் பல வருஷமாக ஒரு சின்னக் கடையின் குசினியில் நிற்கிறேன். மதியச் சாப்பாட்டை அதை அடுக்குகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நேரமில்லை என்பதால் தேவையானதை மட்டும்.

நீர் நெட்டில் பார்த்த 28, 32 எல்லாம் இரவு விலை, இல்லாவிட்டால் உணவுப் பட்டியலில் இருந்து தனியாக எடுக்கிற தட்டின் விலை. வேலை நாள் மதியத்துக்கு வேறு கணக்கு. வாசலில் கரும்பலகை இருக்கும். அதில் "ப்ளா து ஜூர்" என்றால் அன்றைய ஒரு தட்டு. "ஃபோர்முல்" என்றால் இரண்டு தட்டு: முன்தட்டும் நடுத்தட்டும், அல்லது நடுத்தட்டும் இனிப்பும். லியோனில் அன்றைய தட்டு சுமார் 14, 16 யூரோ, ஃபோர்முல் 18 முதல் 22 வரை வரும். நாங்கள் காலையில் மொத்தமாகச் சமைக்கிறது அதைத்தான். அதனால்தான் மலிவு, அதனால்தான் சூடாக உடனே வரும். சனி, ஞாயிறில் பல கடைகளில் அந்தப் பலகையே இருக்காது. நாளை வெள்ளி, உமக்கு வசதி. வெள்ளிக்கிழமை அன்றைய தட்டாக மீன் போடுகிற பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. விலையை வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம், எழுதாத கடைக்குள் போக வேண்டாம்.

ரயில் நிலையத்தையும் பெரிய மாலையும் ஒட்டிய கடைகளை விடும். பழைய நகரத்தில் சேன்-ஜான் தெருவும், நடுவில் மெர்சியேர் தெருவும் சுற்றுலாக்காரருக்கு, அங்கேயும் வேண்டாம். பார்-தியூவில் இருந்து மெட்ரோ பி-யில் ஒரே நிறுத்தம் ப்ளாஸ் கிஷார், நடந்தாலும் கிட்டத்தான். அதற்கும் சாக்ஸ்-கம்பெத்தாவுக்கும் இடையில் உள்ள சின்னத் தெருக்களில் பாரும். பத்துப் பன்னிரண்டு மேசை, கையால் எழுதிய பலகை, அதில் நாலைந்து தட்டுக்கு மேல் இல்லை என்றால் நம்பலாம். நாற்பது வகை எழுதியிருந்தால் உறைபெட்டியில் இருந்து வருகிறது என்று அர்த்தம்.

மாடு, பன்றி இல்லாதவருக்கு இந்த ஊர் கொஞ்சம் கஷ்டம்தான். பூஷோன் என்கிற லியோன் கடைகள் அழகு, கட்டம் போட்ட துணி, தோளோடு தோள் உரசுகிற மேசை. ஆனால் பாதிச் சாப்பாடு பன்றி. ஆந்தூயெத் குடலில் செய்தது, வாசனையே சொல்லிவிடும். லியோன் சாலட்டில் பன்றித் துண்டு இருக்கும், அது இல்லாமல் வேண்டும் என்றால் "சான் லார்தோன்" என்று சொல்லும். உமக்கு கெனெல் சரி: ஆற்று மீனையும் மாவையும் முட்டையையும் பிசைந்து செய்து, மேலே நன்னீர் இறால் சாஸ் ஊற்றி அடுப்பில் வைக்கிறது, உப்பிக்கொண்டு வரும். வினிகர் போட்ட கோழி இருந்தால் அதுவும் சரி. ஸ்டேக் தார்தார் பச்சை மாட்டிறைச்சி, பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். இனிப்புக்குச் சிவப்பு நிறப் ப்ராலின் தார்த் கேளும், இந்த ஊர்ச் சரக்கு.

ஐவ்ரி அக்கா
கெனெல் வயிற்றைக் கல் மாதிரி அடைக்கும், பிறகு மூன்று மணி மீட்டிங்கில் தூங்கிவிடுவான். ப்ளா து ஜூர் மட்டும் எடு தம்பி, இனிப்பு வேண்டாம்.

குசினிக்காரன்
தூங்கினால் தூங்கட்டும் அக்கா, சாப்பிட்ட பிறகு ஒரு காப்பி குடித்தால் சரி. காப்பி என்றால் சின்னக் கப், பால் இல்லாமல் வரும்.

மலைக்கோட்டை
அண்ணா, பெரிய உதவி. கார்டு, தண்ணீர், டிப்ஸ், மேசை பிடிப்பது, இவற்றில்தான் இப்போது பயம்.

நதிக்கரை
டிப்ஸ் பத்து சதவீதம் வையுங்கள், இல்லாவிட்டால் மதிக்க மாட்டார்கள்.

குசினிக்காரன்
வைக்க வேண்டியதில்லை. பலகையில் எழுதிய விலைக்குள்ளேயே சேவைக் கட்டணம் இருக்கிறது. மனசு வந்தால் ஒன்றிரண்டு யூரோ மேசையில் விடும், விடாவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

தண்ணீருக்கு "உன் கராஃப் தோ" என்று கேளும். சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் காசில்லாமல் தர வேண்டும். தண்ணீர் இலவசம் என்று பார்வையில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் 2022 முதல் சட்டம். வெறுமனே தண்ணீர் என்றால் போத்தல் வந்துவிடும், அது கணக்கில் ஏறும். வைன் அவர்கள் எடுத்தால் குடிக்கிறவர்கள் பிரித்துக்கொள்வார்கள்.

கார்டில் ஒரு நாளைக்கு 25 யூரோ வரை செலவழிக்கலாம். கார்டில் ஏறுவதில் பாதியோ அதற்குக் கொஞ்சம் மேலோ முதலாளி போடுகிற காசு, மிச்சம் உம்முடைய சம்பளத்தில் கழியும். இன்று இரவே உறையைப் பிரித்து, செயலியை இறக்கி, கார்டை இயக்கிவிடும். இந்த மாதக் காசு ஏறியிருக்கிறதா என்றும் பாரும். சில நிறுவனங்கள் மாதம் முடிந்த பிறகுதான் ஏற்றும். ஏறாவிட்டால் வங்கி அட்டையோடு போம். ப்ளா து ஜூர், குழாய்த் தண்ணீர், காப்பி: 18 யூரோவுக்குள் முடியும்.

மேசைக்குக் காலை பத்துக்கும் பதினொன்றரைக்கும் இடையில் போன் செய்யும். பிறகு அடித்தால் யாரும் எடுக்க மாட்டோம், கை ஓயாது. பன்னிரண்டே காலுக்கு ஐந்து பேர் என்று சொல்லும். ஒன்றரை மணிக்குப் போனால் நல்ல தட்டு தீர்ந்திருக்கும், இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவோம்.

உள்ளே போனதும் முதலில் "போன்ஜூர்" சொல்லும், அதைச் சொல்லாமல் தண்ணீர் கேட்டால்தான் பருப்புரசம் சொன்ன அந்தப் பார்வை வரும். காட்டுகிற மேசையில் உட்காரும், நீராகப் போய் உட்கார வேண்டாம். கணக்கு தானாக வராது, "லாதிசியோன் சில் வூ ப்ளே" என்று கேட்க வேண்டும். தட்டு வருவதற்கு முன்பே "தனித்தனியாகக் கொடுப்போம்" என்று உம்முடைய ஆட்களில் ஒருவரைச் சொல்லச் சொல்லும்.

பருப்புரசம்
போன்ஜூர் சொன்னேன் அண்ணா. சத்தமாகத்தான் சொன்னேன்.

மலைக்கோட்டை (வெள்ளி காலை)
கார்டு இயங்கிவிட்டது, 63 யூரோ ஏறியிருக்கிறது. ப்ளாஸ் கிஷார் பக்கம் ஒரு கடைக்கு இப்போதுதான் போன் செய்தேன். ஐந்து பேருக்கு 12.15-க்கு இடம் கிடைத்தது. இன்றைய தட்டு காட் மீன், உருளைக்கிழங்கு மசியலோடு, 15.50. பெயரைச் சொன்னால் அவர்களுக்குப் புரியவில்லை, அதனால் கூட வேலை செய்கிற பெண்ணின் பெயரில் பதிந்திருக்கிறேன்.

குசினிக்காரன்
அவர் பெயரில் பதிந்ததை அவரிடம் சொல்லிவிட்டீரா? வாசலில் அதைத்தான் கேட்பார்கள்.