ஆவாரம்பூ ஆர்என்ஏ பழுப்பாகவே வருகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். ஆவாரை மொட்டிலும் விரிந்த பூவிலும் ஃபிளேவனாய்டுகளை ஆக்கும் சால்கோன் சிந்தேஸ், ஃபிளேவனால் சிந்தேஸ் நொதிகளின் மரபணு வெளிப்பாட்டை கியூபிசிஆரில் (மரபணு எவ்வளவு இயங்குகிறது என அளக்கும் முறை) ஒப்பிடுகிறோம். அதற்கு ஆர்என்ஏவைப் பிரிக்க, திரவ நைட்ரஜனில் அரைத்த இதழை 2% சிடிஏபி (செல்லை உடைக்கும் சோப்பு போன்ற பொருள்), 2% பிவிபி (பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பாலிமர்), 2% மெர்காப்டோஎத்தனால் கரைசலில் 65 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் ஆல்கஹாலால் (24:1) இருமுறை பிரித்து, லித்தியம் குளோரைடில் இரவு முழுக்க 4 டிகிரியில் படியவிடுகிறோம்.

ஒளி உறிஞ்சல் விகிதங்களில் 260/280 (புரதக் கலப்பைக் காட்டுவது) சரிதான், 1.9. ஆனால் 260/230 (பாலிஃபீனால், சர்க்கரை போன்ற கலப்பைக் காட்டுவது) 0.8ஐத் தாண்டவில்லை. சிடிஎன்ஏவை (ஆர்என்ஏவைப் படியெடுத்து ஆக்கிய டிஎன்ஏ) 10 மடங்கு நீர்த்தால் சிடி (கியூபிசிஆரில் ஒளிர்வு வரம்பைத் தொடும் சுற்று எண்) 3.3 கூட வேண்டும், 2தான் கூடுகிறது. பழுப்பாக்கும் பாலிஃபீனாலின் எச்சம் கியூபிசிஆர் நொதியைத் தடுக்கிறது என்றே படுகிறது.

பிவிபியை 4% ஆக்கலாமா, அரைக்கும்போதே பிவிபியின் கரையாத வடிவமான பிவிபிபி சேர்ப்பதா? அளவை ஒப்பிட நிலையான மரபணுவாக வைத்த ஆக்டினின் வெளிப்பாடு மொட்டுக்கும் பூவுக்கும் மாறுகிறது. வேறு எந்த ஒப்பீட்டு மரபணு நிலையாக இருக்கும்? பிரைமர் வரிசை இருந்தால் பேருதவி. சவ்வு வைத்த குழாயில் சுழற்றி வடிக்கும் ஸ்பின் காலம் (column) கிட் மட்டும் வேண்டாம், இதழின் கொழகொழப்பில் சவ்வு அடைத்துக்கொள்கிறது.