கட்டளை வரியில் கொடுக்காத ஆப்ஷன், கோப்பில் இருப்பதை மாற்றிவிடுகிறது

வணக்கம். சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று. அமைப்புகள் டாம்ல் (TOML, அமைப்புகளை எழுதி வைக்கும் உரை வடிவம்) கோப்பில்; அதைப் படிக்க பைத்தான் 3.11-இல் கூடவே வரும் டாம்ல்லிப். தேவைப்பட்டால் கட்டளை வரியில் மாற்றிக்கொள்ள, அங்கே கொடுப்பதைப் படித்துத் தரும் ஆர்க்பார்ஸ். கோப்பில் மறுமுயற்சி 5 என்று இருக்கிறது. நான் எதுவும் கொடுக்காவிட்டாலும் ஆர்க்பார்ஸ் தன் டீஃபால்ட் 3-ஐத் திணிக்கிறது. டீஃபால்ட்டைத் தூக்கிவிட்டு, காலியாக வந்தால் கோப்பின் மதிப்பை எடுக்கச் சொன்னேன். எண்களுக்குச் சரியாகிவிட்டது. ஸ்டோர்_ட்ரூ ஆப்ஷன்கள் (மதிப்பு எதுவும் இல்லாமல், பெயரைக் கொடுத்தாலே ட்ரூ ஆகுபவை) மட்டும் கொடுக்காதபோதும் ஃபால்ஸ் என்றே வந்து, கோப்பில் உள்ள ட்ரூவை அணைத்துவிடுகின்றன.

கோப்பை முதலில் படித்து, டீஃபால்ட்களை மாற்றும் ஆர்க்பார்ஸின் செட்_டீஃபால்ட்ஸில் போட்டால் இது தீர்கிறது. ஆனால் கோப்பில் பெயரைத் தப்பாக எழுதியிருந்தாலும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கிறது, அரை நாள் அதிலேயே போச்சு! நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? 200 வரி ஸ்கிரிப்ட்டுக்குத் தனி லைப்ரரி மட்டும் வேண்டாமே.