கண்ணாடி ஓவியத்தில் ஒரு குடும்பம், எந்தக் காலத்தது?

மயிலைவாசி:
திருவல்லிக்கேணியில் சொந்தக்காரர் வீட்டைக் காலி செய்தபோது ஒரு கண்ணாடி ஓவியம் கைக்கு வந்தது. கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைவார்களே, அந்த வகை. அப்பா கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில், பக்கத்தில் அம்மா நின்றபடி, நடு வகிடு, லேஸ் வைத்த பஃப் கை ரவிக்கை, காசுமாலை. ஏழெட்டு வயசுப் பையன் ஒருவன், கிராப்பு, அரை நிஜார். பெயரோ தேதியோ எங்கும் இல்லை. படத்தைப் பார்த்த ஒரு கடைக்காரர் 1850 என்று அடித்துச் சொல்கிறார். உடை, முடியை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

பழஞ்சாமான்:
1850 எல்லாம் சும்மா. லேஸும் பஃப் கையும் வெள்ளைக்காரப் பெண்களைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் நம் ஊர் வசதியான வீடுகளுக்குள் வந்தது. நடு வகிட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பாட்டியும் அப்படித்தான் பேத்தியும் அப்படித்தான். காசுமாலையும் உதவாது, மாமியார் போட்டதாக இருக்கும். படத்தில் யார் சின்னவரோ அவரைப் பாருங்கள், பெரியவர்கள் பழகியதை லேசில் விடமாட்டார்கள், புதுசு எல்லாம் பிள்ளைக்குத்தான். குடுமி இல்லாமல் கிராப்பு என்றால் 1900க்கு இந்தப் பக்கம் என்பேன். அப்பாவின் கோட்டில் கடிகாரச் சங்கிலி தெரிகிறதா?

மயிலைவாசி:
சங்கிலி இல்லை. வலது கையில் தோல்பட்டை வாட்ச். அம்மாவின் மாராப்பும் வலது தோளில் கிடக்கிறது, ஓவியருக்குக் குழப்பமோ?

தெற்குமாடவீதி:
குழப்பம் இல்லைங்க. ஸ்டூடியோ போட்டோ மேல் கண்ணாடியை வைத்து அப்படியே வரைந்துவிட்டு மறுபக்கமிருந்து பார்த்தால் இடம் வலமாகிவிடும். ஆக மூலம் ஒரு போட்டோதான். ஆண்கள் கையில் வாட்ச் கட்டுவது பரவியது 1914-18 போரை ஒட்டி, அதுவரை அதைப் பெண்களின் நகையாகத்தான் பார்த்தார்கள். அதனால் பெரும்பாலும் 1920களுக்கு முன்னால் போகாது.

பழஞ்சாமான்:
வாட்ச் இருந்தால் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இறந்துபோனவரைப் பழைய போட்டோவிலிருந்து எடுத்து மற்றவர்களோடு சேர்த்து வரைவதும் உண்டு, அம்மாவின் ரவிக்கை மட்டும் கொஞ்சம் பழசாகத் தெரிகிறதே, அதையும் யோசியுங்கள். அப்புறம் பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், வண்ணம் செதில் செதிலாக உதிரும். அங்கே பழைய பத்திரிகைத் தாள் வைத்திருந்தால் தேதியைப் பாருங்கள், அது படத்தின் ஃபிரேமை மாற்றிய வருஷமாகவும் இருக்கலாம்.