புதுப்பிப்பு: ஷார்ஜாவில் இருக்கும் தம்பியின் வரிப் பணம் திரும்பி வந்துவிட்டது

சில மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். தம்பிக்கு ஷார்ஜாவில் வேலை. இங்கே கொழிஞ்சாம்பாறையில் அவனுடைய என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் கணக்கு) டெபாசிட் வட்டி 84,000 ரூபாயில் வங்கி 26,208 ரூபாயை வரியாகப் பிடித்துவிட்டது. அங்கே வாங்கும் சம்பளத்துக்கும் இங்கே கட்ட வேண்டுமோ என்று அம்மா தூக்கமில்லாமல் தவித்தார்.

சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் போதும். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுகிறவர்களுக்கு மட்டும் விதி வேறு. தம்பி லீவில் வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் முத்திரைகளை எண்ணினோம். கோயம்புத்தூர் விமான நிலைய முத்திரை ஒன்று மை மங்கிப் போயிருந்தது. வெயிலில் பிடித்துத்தான் தேதியைப் படித்தோம். வந்த நாள், போன நாள் சேர்த்து 47.

அப்புறம் அந்த வட்டி. என்ஆர்ஓ வட்டிக்கு 30 சதவீத வரியும் அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ்ஸும் (கூடுதல் வரி) பிடிப்பார்கள். 2024-25க்கு அவனுடைய இந்திய வருமானம் வரி இல்லாத வரம்பான 3 லட்சத்துக்குள்தான், அதனால் ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) போட்டதும் முழுப் பணமும் போன வாரம் வந்துவிட்டது. ரிட்டர்ன் போடாமல் விட்டிருந்தால் போனது போனதுதான்.

ஒருவர் கேட்டிருந்தார், 12 லட்சம் வரை வரி இல்லையே என்று. அந்தத் தள்ளுபடி இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும். வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை அனுப்பிப் போடுவது) வட்டிக்கு இங்கே வரியே கிடையாது. தம்பியின் அடுத்த டெபாசிட் அதில்தான்.