புதுப்பிப்பு: சாமான் பத்திரமாக ஏற்காடு வந்து சேர்ந்தது

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்கு வீடு மாறுகிறோம், 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பீரோ, ஃபிரிட்ஜ், டிவி சாயாமல் எப்படிக் கட்டுவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். முந்தாநாள் எல்லாம் வந்து சேர்ந்தன.

நாகப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டும் அண்ணன் இங்கே சொன்னதுதான் கைகொடுத்தது: "அலையில் படகு இரண்டு பக்கமும் ஆடும், ஒரு பக்கக் கயிறு போதாது. கனமானது கீழே இருக்கட்டும். சந்து விடாதீங்க."

அப்படியே குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) உள்ளே பீரோவை கேபினோடு ஒட்டி நிறுத்தி, பெருக்கல் குறி மாதிரி கட்டினோம். ஏற்றத்தில் சாமான் பின்னுக்கு வழுக்கும் என்பதால் பின்பக்கம் தனியாக ஒரு கயிறு. டிவியைப் படுக்க வைக்காமல் இரண்டு மெத்தைக்கு நடுவே நிறுத்தினோம்.

ஆனால் நைலான் கயிறு ஏழாவது வளைவுக்குள் தளர்ந்துவிட்டது. பீரோ கிறீச்சென்று நகர்ந்ததும் ஓரம்கட்டி இறுக்கினோம். நைலான் இழுபடும், தயவுசெய்து ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை) வாங்கிவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் சாய்ந்தே வந்தது. கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்கட்டும் என்று இரவு முழுக்க நிற்கவிட்டு, நேற்றுக் காலையில்தான் சுவிட்ச் போட்டேன். நன்றாக ஓடுகிறது. அம்மா முதல் வேலையாகத் தயிரை உள்ளே வைத்தார்.

அண்ணே, ரொம்ப நன்றி.