36–0 ஆட்டம் நடந்தது இன்றைய கேஃபீல்டிலா?

வடகடல்:
ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஆர்ப்ரோத் கால்பந்து கிளப்பைப் பற்றி யார் எழுதினாலும் "36–0 சாதனை படைத்த அதே கேஃபீல்டு பார்க்கில்தான் இன்றும் ஆடுகிறார்கள்" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. அது தவறு. ஸ்காட்டிஷ் கோப்பையில் பான் அகார்டு அணியை அவர்கள் நொறுக்கியது 1885 செப்டம்பர் 12-ல். அந்த ஆடுகளம் இப்போது கிடையாது. 1925-ல் களத்தைச் சுமார் 60 கெஜம் தள்ளிப் புதிதாக அமைத்து, 'கிரேட்டர் கேஃபீல்டு' என்று பெயரிட்டார்கள். எந்தப் பக்கம் 60 கெஜம் நகர்த்தினாலும், அன்று ஆர்ப்ரோத் வீரர் ஜாக்கி பீட்ரி 13 கோல் அடித்த அந்தக் கோல்வாய் இன்றைய கோல்வாய்க்கு நேரே வராது.

பக்கக்கோடு:
இதை ஏற்க முடியாது. 1880 முதல் கிளப் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கடலும் அதே கடல், காற்றும் அதே காற்று. களத்தைத் திருப்பிப் போடுவதும் தள்ளிப் போடுவதும் பழைய மைதானங்களில் சாதாரணம். அதற்கெல்லாம் புது மைதானம் என்று கணக்கு வைத்தால் ஒரு கிளப்புக்கும் வரலாறு மிஞ்சாது.

வடகடல்:
சாதாரண நகர்த்தலா இது? பழைய களம் எவ்வளவு குறுகல் என்பதற்கு அளவே இருக்கிறது. 1884 டிசம்பரில் கோப்பை ஆட்டத்தில் ஆர்ப்ரோத் 4–3 என்று கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கிளப்பை வென்றது. அகலம் போதாது என்று ரேஞ்சர்ஸ் முறையிட்டது. அளந்தால் 49 கெஜம் 2 அடி 1 அங்குலம். விதிப்படி குறைந்தது 50 கெஜம் வேண்டும், 11 அங்குலம் குறைந்தது. வெற்றி செல்லாமல் போய், மறு ஆட்டத்தில் 8–1 என்று தோற்றார்கள். 36–0 இதற்கு அடுத்த சீசன். இன்றைய களம் 70 கெஜ அகலத்தை ஒட்டியது. இரண்டும் ஒன்று என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் மைதானத்தைப் பாருங்கள். 1873-ல் முதல் ஹாம்ப்டன், 1884-ல் இரண்டாவது, 1903-ல் இன்றிருக்கும் மூன்றாவது. பெயர் ஒன்றுதான், ஆனால் முதல் ஹாம்ப்டன் ஆட்டங்களை மூன்றாவதின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

பக்கக்கோடு:
ஹாம்ப்டன் பொருந்தாத உதாரணம். அங்கே ரயில் பாதை குறுக்கே வந்ததால் முதல் இடத்தையே காலி செய்தார்கள். இரண்டாவது, கேத்கின் பார்க் என்ற பெயரில் தேர்டு லானார்க் என்ற இன்னொரு கிளப்பின் கைக்குப் போனது. மூன்று தனித்தனி நிலங்கள், நடுவே வீடும் தெருவும். கேஃபீல்டில் நடந்தது ஒரே வளாகத்துக்குள் விரிவாக்கம். 'கிரேட்டர்', அதாவது 'பெரிய', என்ற பெயரே அதைத்தானே சொல்கிறது?

புல்தரை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேருமே 2017-ஐ விட்டுவிட்டீர்கள். அந்த ஆண்டு இயற்கைப் புல்லை எடுத்துவிட்டு செயற்கைத் தரை போட்டார்கள். என் கணக்கில் அதுதான் பெரிய முறிவு.

கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் வந்து நிற்கும் கோட்டுக்கும் மைதானத்துக்கும் இடைவெளி ஐந்தரை கெஜம் என்பார்கள். பெருங்காற்றில் அலைத்தூவல் சுவரைத் தாண்டி விழும். உப்பில் உள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்து மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். மழைநீர் இறங்காமல் தேங்கும், வேர் அழுகும். ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீரால் அலசினால் சரியாகும், ஆனால் அடுத்த புயலில் மறுபடி முதலிலிருந்து. வீரர்கள் பகலில் வேறு வேலை பார்க்கும் பகுதிநேரக் கிளப் அது. மாலைப் பயிற்சி, சிறுவர் அணிகள், வாடகை எல்லாவற்றையும் ஒரே களம் தாங்க வேண்டும், புல்லால் அது முடியாது.

செயற்கைத் தரையிலும் சிக்கல் உண்டு. இழைகளுக்கு நடுவே அடியில் மணல், மேலே ரப்பர்த் துகள். தொடர்ந்து ஒரே திசையில் காற்று அடிக்கும் இடத்தில் துகள் ஓரத்துக்கு ஒதுங்கும். நடுவில் நிரப்பு குறைந்தால் இழை படுத்துவிடும், பந்து நிற்காமல் ஓடும். ஃபிஃபா சோதனையில் சரிவுப் பலகையிலிருந்து விட்ட பந்து 4 முதல் 10 மீட்டருக்குள் நிற்க வேண்டும், உயர் தரச் சான்றுக்கு 8 மீட்டர்தான் வரம்பு. அதனால் ஓரத்துத் துகளை பிரஷ் இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்து, பல இடங்களில் ஆழம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடலை ஒட்டிய களம் என்பதால் வெளியேறும் ரப்பர் எங்கே போய்ச் சேரும் என்பதையும் யோசியுங்கள். எனக்கு உண்மையான கவலை அதுதான்.

வடகடல்:
நல்ல தகவல், புல்தரை. ஆனால் விதி பார்ப்பது கோட்டையும் கம்பத்தையும். 2017-ல் அவை இடம் மாறவில்லை, 1925-ல் மாறின.

பக்கக்கோடு:
கம்பத்தை வைத்து மைதானத்தை அளந்தால் கேஃபீல்டு புரியவே புரியாது. எதிர்க்காற்றில் கோல் கிக் அடித்து, பந்து திரும்பி வந்து அடித்தவர் கோலுக்குள்ளேயே போனால் எதிரணிக்கு கார்னர் என்று விதி இருக்கிறது. மற்ற மைதானங்களில் அது ஏட்டில் இருக்கும் விதி. இங்கே கோல் கிக் எடுப்பவர் அதை நினைவில் வைத்தே அடிக்க வேண்டும். 1885-லும் ஆடியவர்கள் இந்தக் கடல் காற்றில்தான் ஆடினார்கள்.

வடகடல்:
காற்று சாதனைப் பட்டியலில் ஏறாது. என் கோரிக்கை சிறியது. 36–0-க்கு எதிரே 'பழைய கேஃபீல்டு' என்று எழுதுங்கள். 1952-ல் ரேஞ்சர்ஸுக்கு எதிரான கோப்பை ஆட்டத்துக்கு வந்த 13,510 பேர் கூட்டத்தை 'கேஃபீல்டு பார்க்' சாதனை என்று எழுதுங்கள்.

பக்கக்கோடு:
இரண்டு வரியையும் ஒரே தலைப்பின் கீழ் எழுதுவதானால் சம்மதம். தனிப் பக்கம் என்றால் மாட்டேன்.