அப்பாவின் நாட்டுத் துப்பாக்கியும் பரணில் இருக்கும் கருமருந்தும்

காப்பிச்செடி, ஏற்காடு:
அப்பா போன மாசம் தவறிட்டார். பயிர்ப் பாதுகாப்புக்காக அவர் பேரில் லைசென்ஸோடு குழல் வாய்வழியா மருந்து நிரப்பிச் சுடற நாட்டுத் துப்பாக்கி ஒன்னு இருக்கு. அடுப்படிப் பரணில் பழைய டப்பா ஒன்னு, பாதிக்குக் கருமருந்து, அதாவது துப்பாக்கிக்குப் போடற வெடிமருந்து. மருந்தைப் பத்த வைக்கிற, சின்னத் தொப்பி மாதிரியான கேப்பும் அதே டப்பாவில். என்ன செய்யணும்?

சேலம் பெரியவர்:
தம்பி, முதல்ல அந்த டப்பாவைத் தொடாதீங்க. அடுப்பை இன்னிக்கே நிறுத்துங்க, பசங்களை அந்தப் பக்கம் விடாதீங்க. கேப் ஒரு தட்டுக்கே வெடிக்கும். மருந்தோட ஒன்னா இருக்கவே கூடாது. காவல் நிலையத்துக்குச் சொல்லுங்க, அவங்களே ஆளை அனுப்பி எடுக்கட்டும். தண்ணியில கொட்டறது, கொளுத்தறது எதுவும் வேண்டாம்.

லைசென்ஸ் அப்பாவோட போச்சு, வாரிசுக்குத் தானா வராது. 1959 ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைச்சு ரசீது வாங்குங்க. அப்புறம் கலெக்டர் ஆபீஸ்ல உங்க பேர்ல மனு போடுங்க.

காப்பிச்செடி:
நன்றி ஐயா. லைசென்ஸ் கிடைச்சா மருந்தை இரும்பு லாக்கர்ல வைக்கலாமா?

சேலம் பெரியவர்:
கூடவே கூடாது. இறுக்கமா மூடின இரும்புக்குள்ள தீப்பிடிச்சா அது குண்டுதான். கம்பெனி டப்பாவிலேயே, பூட்டின மரப்பெட்டியில, ஈரமும் நெருப்பும் அண்டாத இடத்துல, லைசென்ஸ்ல எழுதின அளவுக்குள்ள வைங்க. ஏற்காட்டு மழைக்கு மருந்து ஈரம் இழுக்கும், அதுக்காக அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க.

மலையடிவாரம்:
ஒன்னு சேர்க்கறேன். லைசென்ஸ் இருந்தாலும் காட்டுப்பன்றியைச் சுட வனத்துறை அனுமதி தனியா வேணும்.